அருள்புரம் லைன் வீட்டுக்காரனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். நீளமான செய்திதான். அதில் பாதி "பாவமாத்தான் இருக்கு மாமா, ஆனா" என்பதிலேயே போய்விட்டது. மிச்சப் பாதியிலிருந்து எனக்குப் புரிந்தது இது. உன் லைன் வீட்டில் கீழ் வரிசைக் கடைசி வீடு காலி. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் மனைவியோடு வந்து கேட்டிருக்கிறார். அந்தம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறார், அவர் வீட்டிலிருந்தபடி பீஸுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார். அட்வான்ஸ் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் ஒரு சாய்தளம் போட்டுக்கொள்ளலாமா, பாத்ரூம் சுவரில் ஒரு கம்பி அடித்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். நீ "வீட்ல கேட்டுச் சொல்றேங்க" என்று அனுப்பிவிட்டு என்னிடம் வந்து நிற்கிறாய்: "சட்டப்படி நான் குடுத்தே ஆகணுமா மாமா?"

வீட்டைக் கொடு. இதுதான் என் பதில். சட்டத்தைக் கேட்டாய், அதையும் சொல்கிறேன். ஆனால் ஒன்று, மாப்பிள்ளை. வீடு கேட்டு வரும் மற்ற யாருக்கும் நீ சட்டம் பார்த்ததில்லை. எந்தக் கம்பெனி, எத்தனை பேர், வாடகை எந்தத் தேதிக்குள் வரும் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவாய். இவருக்கு மட்டும் சட்டப் புத்தகம் வேண்டியிருக்கிறது. அதை நீயே ஒருதரம் யோசித்துப் பார்.

அமெரிக்காவில் உனக்கு ஒரு நண்பன் இருக்கிறானே, அங்கே இதெல்லாம் கறார் என்று அவன் சொன்னதாகச் சொன்னாய். உண்மைதான். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் அங்கே கையெழுத்தானது. முதலில் அது நிறம், இனம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுப்பதைத்தான் தடுத்தது. உடல், மனக் குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது 1988 திருத்தத்தில்தான் வந்தது. அந்தத் திருத்தம் வீட்டுக்காரருக்கு வைத்த கடமைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, விதியைத் தளர்த்துவது. வண்டி நிறுத்துமிடம் முதலில் வந்தவருக்கே என்று விதி இருந்தாலும், நடக்க முடியாத வாடகைதாரருக்கு வாசலை ஒட்டி ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். இரண்டு, கட்டடத்தை மாற்ற அனுமதிப்பது. கம்பி அடிக்கவும் கதவை அகலப்படுத்தவும் வாடகைதாரர் கேட்டால் விட வேண்டும். தனியார் வீடுகளில் அந்த மாற்றத்தின் செலவு பெரும்பாலும் வாடகைதாரருடையது, விடுகிற கடமை வீட்டுக்காரருடையது.

இன்னொன்றையும் கேள். 1991 மார்ச் 13-க்குப் பிறகு குடியேறிய கட்டடத்தில் நான்கு வீடுகளோ அதற்கு மேலோ இருந்து, லிஃப்ட் இல்லையென்றால், தரைத்தள வீடுகள் அத்தனையும் சக்கர நாற்காலி போகும்படி இருந்தாக வேண்டும். உன் லைன் வீடு அருள்புரத்தில் இல்லாமல் அட்லாண்டாவில் இருந்திருந்தால் கீழ் வரிசை முழுவதையும் அப்படித்தான் கட்டியிருப்பாய். வீட்டுக்காரர் தானும் அங்கேயே குடியிருக்கும் நான்கு வீடு வரையிலான சின்னக் கட்டடத்துக்கு அங்கே விலக்கு உண்டு. அப்படி விலக்குப் பெற்றவர்கூட டு-லெட் விளம்பரத்தில் "ஊனமுற்றோருக்கு வாடகைக்கு இல்லை" என்று எழுத முடியாது.

"அது அமெரிக்கா மாமா, இது பல்லடம்" என்பாய். சரி, பல்லடத்துக்கே வருகிறேன்.

நம்மிடம் இருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19-லிருந்து நடப்பில் இருக்கிறது. 1995-ல் வந்த பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாட்டைத்தான் கணக்கில் எடுத்தது. புதியதில் 21 வகை. பார்வை, செவி, கை கால் மட்டுமில்லை; மனநோய், ஆட்டிசம், பார்கின்சன், தொழுநோயிலிருந்து குணமானவர், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர், ஹீமோஃபீலியா என்று பட்டியல் நீளம். குறைபாட்டைக் காரணமாக்கி எந்த மாற்றுத்திறனாளியையும் பாகுபடுத்தக் கூடாது என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. நியாயமான சிறு மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று இரண்டாம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. அந்த மாற்றம் தாங்க முடியாத சுமையாக இருக்கக் கூடாது என்ற வரம்பும் அங்கேயே உண்டு. அரைச் சாக்கு சிமெண்டும் ஒரு இரும்புக் கம்பியும் தாங்க முடியாத சுமை என்று சொல்ல வராதே. மாடியில் நீ போட்டிருக்கும் அலங்கார கிரில்லை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீ எதிர்பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். கட்டடத்தை மாற்ற வேண்டும், வசதி செய்து தர வேண்டும் என்கிற கடமைகளைச் சட்டம் "நிறுவனம்" மீதுதான் வெளிப்படையாக ஏற்றுகிறது. தனிமனிதன் தன் வீட்டை வாடகைக்கு விடும்போது அவனுக்கு இன்னின்ன கடமை என்று ஒரு பிரிவும் நேராகச் சொல்லவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலும் மாற்றுத்திறனாளி வாடகைதாரருக்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆக, அவருக்கு வீடு கொடுக்கவில்லை என்பதற்காக நாளைக்கே உன் வாசலுக்கு யாரும் நோட்டீஸ் கொண்டுவரப் போவதில்லை. நீ மூச்சு விட்டுக்கொள்வது இங்கேயே கேட்கிறது. கொஞ்சம் பொறு.

அந்த லைன் வீடு யார் பேரில் இருக்கிறது? உன் சொந்தப் பேரிலா, உன் பங்காளியோடு சேர்ந்து நடத்தும் ஜாப் ஒர்க் ஃபர்ம் பேரிலா? லோனுக்காக ஃபர்ம் பேரில் போட்டதாகப் போன தைப்பொங்கலுக்கு நீதான் சொன்னாய். கம்பெனி, ஃபர்ம், கூட்டுறவு, சங்கம், டிரஸ்ட், தொழிற்சாலை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் "தனியார் நிறுவனம்" என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. ஃபர்ம் பேரில் வாடகை ரசீது கிழித்தால் நீ தனிமனிதன் என்று ஒதுங்கி நிற்க முடியாது. நிறுவனம் கட்டும் கட்டடத்தின் வரைபடம் அணுகல் விதிகளுக்கு ஒத்துவராவிட்டால் கட்ட அனுமதி கிடையாது, நிறைவுச் சான்று கிடையாது என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாவது பிளாக் போடப் போகிறேன் என்கிறாயே, அதற்கு முன் இதைப் படித்துவிடு. சட்டத்தை மீறுகிறவர் யாரானாலும் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த தடவைக்கு ஐம்பதாயிரத்தில் தொடங்கி ஐந்து லட்சம் வரை. 89-ஆம் பிரிவு.

அந்த அணுகல் விதிகளின் கதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கட்டடங்களும் சாலைகளும் தன்னைப் போன்றவர்களுக்கு எட்டாமல் இருக்கின்றன என்பது வழக்கு. 2017-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 8 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் இருந்த அமர்வு இன்னொன்று சொன்னது. இந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த 2017 விதிகளில் 15-ஆம் விதி அணுகல் அளவுகளை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைத்திருக்கிறது, அது சட்டத்துக்கே முரண், கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே பத்தொன்பது வருடம். படிக்கட்டுக்குக் கீழே காத்திருக்கிறவருக்கு நம் நாடு எவ்வளவு மெதுவாகப் பதில் சொல்கிறது பார்.

உன்னைவிடப் பெரிய வீட்டுக்காரர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதைச் சொல்லு. பனியன் கம்பெனிகளின் ஹாஸ்டலும் குவார்ட்டர்ஸும்தான் நான் சொல்வது. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று அதே 2017 விதிகள் சொல்கின்றன. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலில், குடியிருப்பு இருந்தால் அதை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முன்னுரிமை என்பதும் ஒன்று. அருள்புரத்திலிருந்து வீரபாண்டி வரை, பல்லடத்திலிருந்து காரணம்பேட்டை வரை, இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடங்களை எண்ண முடியுமா? பையர் ஆடிட்டுக்கு வரும்போது தீயணைப்புக் கருவியையும் முதலுதவிப் பெட்டியையும் துடைத்து வைக்கிறார்கள். இந்தக் கொள்கையை ஃபைலில் வைத்திருக்கும் கம்பெனிகளில் எத்தனை அதைப் படித்திருக்கும் என்பதை நீ நேரில் விசாரித்துப் பார். காது கேளாத டெய்லரும் போலியோ கால் கொண்ட செக்கிங் ஆளும் லைனில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சமமாகப் பீஸ் எடுக்கிறார்கள். சாயங்காலம் அவர்கள் ஏறிப் போகும் ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கைப்பிடிகூட இல்லையென்றால், அது கம்பெனியின் கருணைக்குறைவு மட்டுமில்லை, சட்ட மீறல்.

அடுக்கக சங்கங்களும் இதில் மாட்டும். சங்கம் என்றால் சட்டப்படி தனியார் நிறுவனம்தான். "சாய்தளம் போட்டால் முகப்பு கெட்டுவிடும்" என்று கூட்டத்தில் தீர்மானம் போடும் செயலாளர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, ஃபர்ம் பேரில் இல்லை, முழுக்க என் பேரில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள். அப்போதும் உன்னைத் தொடும் பிரிவு ஒன்று உண்டு. நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் என்கிறது 92-ஆம் பிரிவு. இதற்கு நிறுவனம், தனிமனிதன் என்ற பேதமெல்லாம் இல்லை. லைன் வீட்டு வாசல் நாலு பேர் பார்க்கிற இடம்தான். தண்ணீர்ச் சண்டையில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உன்னிடம் இல்லை, தெரியும். உன் மேஸ்திரியிடம் உண்டு. சொல்லி வை.

என் மனதில் இருக்கும் கோரிக்கை ஒன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். "தனியார் நிறுவனம்" என்ற விளக்கத்தின் கடைசியில், அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் பிற நிறுவனங்களும் என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. இத்தனை வீடுகளுக்கு மேல் வாடகைக்கு விடுகிறவர் என்று ஓர் எல்லை வைத்து, அவர்களை இதற்குள் கொண்டுவர மாநில அரசு முயலலாம். லைன் வீடுகளை நம்பியே ஓடும் திருப்பூர் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோரிக்கை எது? 2025-ல் நம் சட்டமன்றம், ஒவ்வொரு நகராட்சியிலும் ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டம் திருத்தியது. அப்படி வருகிறவர்கள் முதலில் எழுப்ப வேண்டிய விஷயங்களில் வாடகை வீடும் ஒன்று என்பேன்.

சட்டம் போதும். இனி நீ செய்யப்போகும் தப்புகளுக்கு வருகிறேன். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான், எங்கே சறுக்குவாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில், வாடகையைக் குறைப்பாய். "ஐநூறு குறைச்சுக்கிறேன், பாவம்" என்பாய். அவர் கேட்கவில்லையே. பக்கத்து வீட்டுக்கு என்ன வாடகையோ அதுவே அவருக்கும். அட்வான்ஸும் அப்படியே. மூன்று மாத வாடகை என்பதுதான் வாடகைச் சட்டம் வைத்திருக்கும் பொது அளவு. ஐநூறு குறைத்துவிட்டால் அதற்குப் பிறகு குழாய் ஒழுகுகிறது என்று சொல்லக்கூட அவர் தயங்குவார். நீயும் "குறைச்ச வாடகைக்கு இது போதும்" என்று உள்ளுக்குள் நினைக்க ஆரம்பிப்பாய். இதற்கு நேர் எதிரான தப்பையும் செய்யாதே. "ரிஸ்க் இருக்கு" என்று அட்வான்ஸைக் கூட்டாதே.

பிறகு, நோயை விசாரிப்பாய். எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, இனிமேல் நடக்க வாய்ப்பே இல்லையா, குழந்தை உண்டா என்று கேட்பாய். உன் மனைவி இன்னும் ரெண்டு சேர்த்துக் கேட்பாள். நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வீட்டில் என்ன மாற்றினால் உங்களுக்குத் தோதாக இருக்கும்?" அவர் கேட்கும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்புறம், அவருக்கு எது நல்லது என்று நீயே முடிவெடுப்பாய். "இங்க சத்தம் ஜாஸ்திங்க, உங்களுக்கு டவுன்ல ஹோம் மாதிரி ஏதாவது பார்த்தா நல்லா இருக்கும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாய். அவர் சமூகத்துக்குள் எல்லாரையும் போல வாழ உரிமை உள்ளவர், இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. விசைத்தறிச் சத்தம் அவருக்குச் சரிப்படுமா என்று அவர் பார்த்துக்கொள்வார். பல்லடத்தில் வீடு தேடி வந்தவருக்குத் தறிச் சத்தம் தெரியாமலா இருக்கும்?

"விழுந்து அடிபட்டால் என் தலையில் வருமே" என்று கேட்டிருந்தாய். உன் லைனில் பாசி பிடித்த பாத்ரூம் வாசலில் யாரும் விழுந்ததில்லையா? மூடி உடைந்த சம்ப் யாருக்கு ஆபத்து? அவருக்காகச் சரிசெய்யும் தரை, மேல் வீட்டுக் கர்ப்பிணிக்கும் உன் அம்மாவின் முழங்காலுக்கும் சேர்த்துத்தான்.

கொத்தனாரைக் கூப்பிடும்போது இதையெல்லாம் சொல்லு. வாசற்படி அரையடி உயரம் என்றாய். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் கணக்கு. அரையடிக்கு ஆறடி. நம் ஆட்கள் பைக் ஏற்றுகிற மாதிரி இரண்டடியில் முடித்துவிடுவார்கள். அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் நிற்கவும் முடியாது. நடை ஐந்தடிதான், சாய்தளம் போட்டால் மற்றவர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்பாய். காலியாக இருப்பது கடைசி வீடு. அதற்கு அப்பால் யாரும் போக வேண்டியதில்லை. அந்த வீட்டின் முகப்பு நீளத்துக்கு நடையின் முழு அகலத்தையும் ஆறடியில் மெல்ல ஏற்றி, கதவுக்கு முன்னால் ஐந்தடிச் சமதளமாக விட்டுவிடு. நாற்காலி திரும்ப அந்த ஐந்தடி வேண்டும். மழைத் தண்ணீர் போகும் வாட்டத்தை மட்டும் அடைத்துவிடாதே, இல்லாவிட்டால் ஐப்பசியில் பக்கத்து வீட்டுக்காரர் உன்னைத் திட்டுவார், பழி இவர்மேல் விழும்.

கதவு மூன்றடி. வீட்டுக் கதவு சரியாக இருக்கும், பாத்ரூம் கதவில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டேகால் அடி நிலவு வைத்து, கதவும் உள்பக்கம் திறக்கும். நாற்காலியோடு உள்ளே போனவர் கதவைச் சாத்தவே முடியாது. நிலவைப் பெயர்த்து அகலமாக்கிக் கதவை வெளிப்பக்கம் திறக்க வை. உன் சுவர் ஹாலோ பிளாக். அதில் சும்மா பிளக் அடித்துக் கம்பியை மாட்டினால் ஆள் எடைக்குக் கையோடு வந்துவிடும். கம்பி வரும் இடத்தில் கல்லின் பொந்துக்குள் கான்கிரீட் நிரப்பி, அது இறுகிய பிறகு போல்ட் போடச் சொல்லு. வெஸ்டர்ன் கோப்பை உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து மாறும் உயரத்தில் இருக்க வேண்டும். சரியான உயரத்தை அவரையே கேட்டு சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிடு. தண்ணீர்க் குழாயும் சுவிட்சும் உட்கார்ந்த கைக்கு எட்ட வேண்டும். அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் அவரிடம் இருந்தாலோ, நாளைக்கு வந்தாலோ, அதற்கு ஓர் இடம் கேட் பக்கத்தில் நிரந்தரமாக வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தையும் படிக்கட்டு விளக்கையும் வாடகைச் சட்டம் அத்தியாவசியச் சேவைகளில் சேர்த்திருக்கிறது, அவற்றை நிறுத்திவைத்து ஆளை விரட்டப் பார்ப்பதை அது தடுக்கிறது.

செலவு யாருடையது? என் தீர்ப்பு இது. சாய்தளமும் அகலக் கதவும் கட்டடத்தோடு கடைசி வரை இருக்கப் போகிறவை, நீ போடு. கம்பியும் கோப்பையும் அவர்களுடைய தேவைக்கு ஏற்ற அளவில் வருபவை, பேசிப் பகிர்ந்துகொள்ளுங்கள். எதுவானாலும் எழுதி வை. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கட்டட அமைப்பை மாற்றினால், வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல அதுவே சாக்காகலாம். நீ இன்று வாயால் "போட்டுக்கோங்க" என்பாய். நாளைக்கு உன் தம்பி பொறுப்புக்கு வந்தால் அதையே காரணமாக்குவான். அவர்களுக்குப் பாதுகாப்பு உன் கையெழுத்துதான்.

"மத்த குடித்தனக்காரங்க முணுமுணுப்பாங்க" என்பது உன் கடைசி ஆயுதம். சக்கர நாற்காலிக்கு யாரும் முணுமுணுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மனநலம் பாதித்தவரோ, ஆட்டிசம் உள்ள குழந்தையோ வந்தால்தான் அந்தப் பேச்சு வரும். அது நாளைக்கு உனக்கு வரப்போகும் கேள்வி, அதனால் இப்போதே சொல்கிறேன். 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய தி பான்யன், மனநோயால் நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்களை 2015 முதல் ஊருக்கு நடுவே சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைத்து வருகிறது. துணைக்கு ஆள் உண்டு. அந்த வீடுகளைக் கொடுத்தவர்களும் உன்னைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான். வீடே கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநலக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வெளியே வருகிறவர் குடியிருக்க யாராவது வீடு தர வேண்டுமே, மாப்பிள்ளை.

இன்னொன்றை நீ யோசிக்கவே இல்லை. மாற்றுத்திறனாளி வெளியிலிருந்து வீடு கேட்டு வருவார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் லைனில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். தறிக் கொட்டகையில் ஆயுளைக் கழித்தவருக்குக் காது மந்தமாகிறது. கட்டிங் மெஷினில் விரல் போகிறது. கோவை-திருச்சி சாலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர் ஒரு நாள் நாற்காலியில் திரும்பி வந்தால், "இனி மாடி வீடு உங்களுக்குச் சரிவராது, காலி பண்ணிக்கோங்க" என்பாயா? காலி செய்ய வைக்க வாடகைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்களில் கால் போனது இல்லை. கீழே ஒரு வீடு காலியாகும்போது முதலில் அவரைக் கேட்பதுதான் முறை. காது கேளாதவர் வீட்டுக்கு மணியோடு ஒரு விளக்கு. பார்வையற்றவர் குடியிருக்கும் நடையில் சைக்கிளையும் குடத்தையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றாத ஒழுங்கு. இவற்றில் எதற்கும் நீ கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆக, இந்த வாரம் செய். அவர்களுக்கு ஃபோன் போட்டு வீடு உண்டு என்று சொல்லு. டைல்ஸ்காரன் பாத்ரூமில் கை வைப்பதற்கு முன்னால் அவரை வரவழைத்து அளவு எடுத்துக்கொள். ஒட்டிய டைல்ஸை உடைப்பது இரட்டைச் செலவு. ஒப்பந்தத்தில் சாய்தளம், கதவு, கம்பி, வண்டி இடம் நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்கிவிடு. இரண்டாவது பிளாக்கின் வரைபடத்தை எனக்கு அனுப்பு, கீழ் வரிசை வாசலில் ஒரு படியும் இருக்கக் கூடாது. அளவில் சந்தேகம் வந்தால் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. திருப்பூருக்குப் போகும் பல்லடம் ரோட்டின் மேலேயே இருக்கிறது, நூல் வாங்கப் போகும்போது இறங்கிக் கேட்டுவிட்டு வா.

அன்புடன்,
மாமா